ஜார்ஜ் டவுன்: வாடகைச் சட்டத்திலிருந்து உலக மரபுப் பட்டியலுக்கு

கனடாவின் கியூபெக் நகரில் கூடிய யுனெஸ்கோ உலக மரபுக் குழு, 2008 ஜூலை 7 அன்று பினாங்கின் ஜார்ஜ் டவுனை மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுப் பட்டியலில் ஏற்றியது. இதை மரபு ஆர்வலர்களின் இருபதாண்டு உழைப்புக்குக் கிடைத்த வெற்றி என்று சொல்வது வழக்கம். அது உண்மையும்கூட. ஆனால் பட்டியலிடத்தக்க ஒரு பழைய நகரம் 2008 வரை எப்படி மிஞ்சியிருந்தது என்ற கேள்விக்கு இந்த விவரிப்பில் விடை கிடைப்பதில்லை. மரபு என்ற சொல்லே இடம்பெறாத ஒரு வாடகைச் சட்டம்தான் நகரை அதுவரை நிறுத்தி வைத்திருந்தது. மரபுச் சட்டம் வந்து சேருமுன் அந்த வாடகைச் சட்டம் விலக்கப்பட்டது. இன்றைய ஜார்ஜ் டவுனின் தன்மையைப் பெரிதும் தீர்மானித்தது இந்த முன்பின் வரிசையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் தீவைக் கைக்கொண்ட சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே வேரூன்றிவிட்டனர். அவர்களின் தலைவரான காதர் முகைதீன் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு தர்கா எழுந்தது. குயின் தெருவின் மகாமாரியம்மன் கோயில் 1833இல் அமைந்தது. மார்க்கெட் தெருவைத் தமிழர்கள் கடைத்தெரு என்றே அழைத்தார்கள். பக்கத்துப் பினாங்குத் தெருவில் நகரத்தாரின் வணிக இல்லங்களான கிட்டங்கிகள் வரிசையாக நின்றன. இவற்றோடு 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தையும், சீனர்களின் கருணைத் தேவி கோயிலையும், கூ குலத்தாரின் சங்க மாளிகையையும் அரை மணி நேர நடையில் பார்த்துவிடலாம். மலாய், சீன, இந்திய, ஐரோப்பியப் பண்பாடுகள் கலந்து உருவான வணிக நகர் என்று பின்னாளில் யுனெஸ்கோ ஆவணம் குறித்தது இந்த நெருக்கத்தைத்தான்.

கோயில்களும் பள்ளிவாசல்களும் நின்றதில் வியப்பில்லை. அவற்றைக் காக்க அவற்றுக்குரிய சமூகங்கள் இருந்தன. வியப்பு கடைவீடுகளைப் பற்றியது. கீழே கடை, மேலே குடியிருப்பு, முகப்பில் ஐந்தடி அகல நடைபாதை என அமைந்த அந்த வரிசை வீடுகளை ஆசியாவின் பல துறைமுக நகரங்கள் கூட்டம் கூட்டமாக இடித்துத் தள்ளின. ஜார்ஜ் டவுனில் அவை ஆயிரக்கணக்கில் தப்பின.

இதற்கான முதற்காரணம் 1966இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் பிறந்த விதிகளின் தொடர்ச்சி அது. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்குப் பொருந்தியது. வாடகை பழைய அளவிலேயே உறைந்து நின்றது. வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது. எனவே இடித்துக் கட்டினால் இலாபம் என்ற கணக்கே உரிமையாளருக்கு எழவில்லை. இந்தச் சட்டத்துக்கு உட்பட்ட கட்டடங்கள் மலேசியாவிலேயே பினாங்கில்தான் மிகுதி. உரிமையாளர்களில் பலர் குலச் சங்கங்கள், கோயில் அறக்கட்டளைகள், வக்பு நிலங்களை நிர்வகித்தவர்கள். மாடியறைகள் பலகைத் தடுப்புகளால் பிரிக்கப்பட்டு உள்வாடகைக்கு விடப்பட்டன. பூ கட்டுபவர், நகைத் தொழிலாளி, கூடை முடைபவர், துறைமுகக் கூலி எனக் குறைந்த வருவாய்க்காரர்கள் நகரின் நடுவிலேயே தொழிலும் செய்து குடியும் இருக்க முடிந்ததற்கு அந்த உறைந்த வாடகையே காரணம்.

சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வருமானம் தராத கட்டடத்துக்கு எந்த உரிமையாளரும் செலவழிப்பதில்லை. கூரை ஒழுகியது, மரத்தளம் உளுத்தது, சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்தது. பாதுகாப்பும் சிதைவும் ஒரே சட்டத்தின் விளைவுகள். வாடகைக் கட்டுப்பாட்டை மரபின் நண்பன் என்று மட்டும் போற்றுவோர் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பொருளாதாரத் தேக்கமும் தன் பங்கைச் செய்தது. 1969இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி பறிக்கப்பட்டது. 1970களில் தொழிற்சாலைகள் தீவின் தெற்கே பயான் லெப்பாசுக்குப் போயின. நகர மையத்தை உயிர்ப்பிப்பதாகச் சொல்லி 1974இல் தொடங்கிய கொம்தார் திட்டத்துக்காகப் பழைய தெருக்கள் பல துடைக்கப்பட்டன. 65 மாடிக் கோபுரம் எழுந்தது. மற்ற தெருக்களுக்கும் அதே கதி நேராததற்கு அரசின் கருணை காரணமன்று. முதலீடு வேறு திசையில் ஓடியதே காரணம்.

கொம்தாரைக் கண்ட தலைமுறையிலிருந்து 1986இல் பினாங்கு மரபு அறக்கட்டளை பிறந்தது. நகராட்சியும் 1980களின் பிற்பகுதியில் உள்நகரப் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 1990களில் ஆச்சே தெருப் பகுதியில் சையது அலத்தாஸ் மாளிகை முன்மாதிரியாகப் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் கையிலிருந்த தேசியச் சட்டம் 1976இன் பழம்பொருள் சட்டம் ஒன்றே. அது நூறாண்டு கடந்த தனித்தனிச் சின்னங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஒரு தெருவை, ஒரு வட்டாரத்தை, அங்கே நடக்கும் தொழிலை முழுமையாகப் பார்க்கும் பார்வை அதில் இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் வாடகைச் சட்டம் விலக்கப்பட்டது. விலக்குச் சட்டம் 1997இல் நிறைவேறியது. இடைக்காலப் பாதுகாப்பு 1999 டிசம்பர் 31 அன்று முடிந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் அழிவின் விளிம்பிலுள்ள இடங்களின் கண்காணிப்புப் பட்டியலில் ஜார்ஜ் டவுனைச் சேர்த்தது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில். நகரின் மதிப்பை வெளியுலகம் ஏற்ற வேளையும் அதன் குடிகள் சட்டக் காப்பை இழந்த வேளையும் ஒன்றாயின. வாடகை பலமடங்காக உயர்ந்தது. பல தலைமுறையாக இருந்தவர்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். வாடிக்கையாளரை இழந்த சிறுதொழில்கள் ஒவ்வொன்றாக மூடின.

காலியான கடைவீடுகளுக்குக் குடிவந்தவை பறவைகள். உழவாரக் குருவியின் எச்சிற்கூடு சீனச் சமையலில் விலை மிக்க பண்டம். ஜன்னல்களை அடைத்து, சுவரில் துளையிட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டால் வீடு பண்ணையாகிவிடும். வாடகைதாரரோடு மல்லுக்கட்டும் வேலை இல்லை. ஈரத்தாலும் எச்சத்தாலும் சுவர்கள் கெட்டன. மரபுப் பகுதியிலிருந்து இப்பண்ணைகளை 2013க்குள் அகற்ற மாநில அரசு ஆணையிட வேண்டியதாயிற்று. மனிதர்களைவிடப் பறவைகள் இலாபகரமான குடிகளாயின என்ற இந்த உண்மை, பல அறிக்கைகளைக் காட்டிலும் தெளிவாக வாடகைக் காப்பு முடிந்ததற்கும் 2008 பட்டியலுக்கும் இடைப்பட்ட எட்டாண்டு இடைவெளியை விளக்குகிறது.

2005இன் தேசிய மரபுச் சட்டம் மறுஆண்டு நடைமுறைக்கு வந்தபோது யுனெஸ்கோ விண்ணப்பத்துக்கான சட்ட அடித்தளம் கிடைத்தது. பட்டியலுக்கு எல்லைக்கோடு தேவை. ஜார்ஜ் டவுனின் மையப் பகுதி 109.38 ஹெக்டேர், அதைச் சூழ்ந்த காப்பு வளையம் சுமார் 150 ஹெக்டேர். கோடு போட்டால் உள்ளே நிற்பதற்கு ஒரு விதி, வெளியே நிற்பதற்கு இன்னொரு விதி. கடற்கரையில் மரக்கால்கள்மீது சீனக் குலத்தார் எழுப்பிய துறைமேடைக் குடியிருப்புகளில் இரண்டு, கோய் துறைமேடையும் பெங் ஆன் துறைமேடையும், 2006இல் வீட்டுத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் அவற்றின் அண்டைத் துறைமேடைகள் உலக மரபாயின. இன்று பயணிகள் அங்கே வரிசையாக நின்று படம் எடுக்கிறார்கள்.

பட்டியலிட்ட பின்னும் சோதனை உடனே வந்தது. 18 மீட்டர் உயர வரம்பை மீறும் நான்கு கட்டடத் திட்டங்களுக்கு முன்னரே அனுமதி தரப்பட்டிருந்தது 2008 இறுதியில் சர்ச்சையாகி, 2009இல் யுனெஸ்கோ சார்பில் ஆய்வுக் குழு வரும் அளவுக்குப் போனது. 2010இல் மரபுப் பகுதியை நிர்வகிக்க ஜார்ஜ் டவுன் உலக மரபு நிறுவனம் அமைந்தது. 2016இல் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வெளியாகி, விதிகளுக்குச் சட்ட வலு கிடைத்தது. உயர வரம்பை வாதிட்டு நிலைநிறுத்தியது பட்டியலின் மறுக்க முடியாத சாதனை என்றே கருதுகிறேன். அது இல்லாமல் கடைத்தெருவின் வானமே மாறியிருக்கும்.

ஆனால் விதிகள் எதைப் பிடிக்கின்றன என்று பார்க்க வேண்டும். கூரை ஓடு, சுவர்ப்பூச்சு, முகப்பு, ஐந்தடி நடைபாதை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகனிடம் புறப்படும் நகரத்தாரின் வெள்ளித் தேர் எந்த விதியையும் நம்பி ஓடவில்லை. அதை இழுத்துச் செல்ல அமைப்பும் அறக்கட்டளையும் இருக்கின்றன. பூக்கட்டும் கடைக்கு அப்படி யாரும் இல்லை. அக்கடை நிற்பதும் போவதும் மாத வாடகையைப் பொறுத்தது. வாடகையோ 2000 முதல் இன்றுவரை உரிமையாளரும் குடியிருப்பவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயமாகவே விடப்பட்டிருக்கிறது.