கசியும் ஒளி: நீர்த்தாரையிலிருந்து வாகன விளக்கு வரை

1841இல் ஜெனீவாவில் பேராசிரியராயிருந்த ழான்-தானியேல் கொலதோனுக்கு ஓர் எளிய சிக்கல் எழுந்தது. தொட்டியின் துளையிலிருந்து பாயும் நீர்த்தாரையை மாணவர்கள் காண வேண்டும். விரிவுரைக் கூடத்திலோ அது தெளிவாகத் தெரியவில்லை. அவர் ஒளியை ஒரு வில்லையால் குவித்து, தொட்டியின் எதிர்ப்புறமிருந்து துளையை நோக்கிச் செலுத்தினார். ஒளி நேர்கோட்டில் செல்லாமல் தாரையோடு சேர்ந்து வளைந்தது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, நீரினுள்ளிருந்து ஏறத்தாழ 49 பாகைக்கு மிகுந்த கோணத்தில் பரப்பை அடையும் கதிர் வெளியேறாது, முழுதும் உள்ளேயே எதிரொளிக்கும்.

1854இல் இலண்டனில் ஜான் டின்டால் இதே விளைவைச் செய்து காட்டினார். பின்னாளில் பல பாடநூல்கள் அவரையே முதல்வராக்கின. கொலதோன் 1842இலேயே தம் சோதனையை அச்சிட்டிருந்தார் என்பதை நோக்க, இப்பிழை மன்னிக்கத்தக்கதன்று.

தாரை பக்கவாட்டில் ஒளிர்ந்தது என்றால், சிறிதளவு ஒளி வெளியே கசிந்தது என்றே பொருள். அடுத்த நூற்றாண்டின் ஆய்வு இக்கசிவுக்கு எதிராகவே நடந்தது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹெரால்டு ஹாப்கின்சுடன் இணைந்து இழைக்கற்றை வழியே உருவத்தைக் கடத்திய செய்தி 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அதே இதழில் நெதர்லாந்தின் வான் ஹீல், குறைந்த ஒளிவிலகல் எண் கொண்ட உறையை இழைக்கு இட்டுக் கசிவை அடக்கும் வழியைக் கூறினார். (கபானிக்கு நோபல் மறுக்கப்பட்ட கதை நம் நாட்டில் போதிய அளவு பேசப்பட்டுவிட்டது, வான் ஹீலை நினைப்பார்தாம் அரியர்.)

வாகன விளக்கு இவ்வரலாற்றைத் தலைகீழாக்கியது. சாலையை ஒளியூட்டும் முதன்மைக் கற்றை இன்றும் ஆடிக்கும் வில்லைக்கும் உரியது: நீள்வட்ட ஆடி ஒளியைக் குவிக்க, குவியத்தருகே நிற்கும் தடுப்பின் விளிம்பை வில்லை தலைகீழாகச் சாலையில் வீழ்த்துகிறது, எதிரில் வருவோர் கண் கூசாமைக்கு அக்கோடே காவல். 2000இல் மறுவடிவம் பெற்ற பி.எம்.டபிள்யூ ஐந்தாம் வரிசைக் கார்களின் ஒளிவளையங்களோ வேறு இனம். அவை வளைந்த ஒளிகடத்திகள். தமிழில் 'ஒளியிழை' என்னும் சொல் நிலைத்துவிட்டமையால் இவற்றையும் இழை என அழைக்கத் தோன்றும். ஆனால் இத்தகைய விளக்குகளில் வளைந்து கிடப்பது பெரும்பாலும் பருத்த தண்டேயாம். 'ஒளித்தண்டு' என்பதே பொருந்தும்.

அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.49, மாறுநிலைக் கோணம் 42 பாகை. ஆகவே ஒளியை உள்ளே நிறுத்துவது அரிதன்று. வெளியேற்றுவதே கலை. தண்டின் பின்புறத்தில் நுண்ணிய முப்பட்டக வெட்டுகள் இடப்படுகின்றன. அவற்றில் பட்ட கதிர், கோணம் மாறி முன்புறமாக வெளியேறும். எல்லா வெட்டுகளும் ஒரே அளவினவாயின், ஒளிமூலத்தருகே தண்டு பளிச்சிட்டுக் கடைமுனை இருண்டுவிடும். எனவே தொலைவு கூடக்கூட வெட்டுகள் ஆழப்படுகின்றன, அல்லது நெருங்குகின்றன. வளைவு மிகக் குறுகினாலோ, வெட்டில்லாத இடத்திலும் ஒளி தப்பி, அவ்விடம் மட்டும் புள்ளியாய் ஒளிரும்.

2011 முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதுவகைக் கார்களுக்குப் பகல்விளக்கைக் கட்டாயமாக்கியபின் இத்தண்டுகள் பெருகின. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கு எந்திரம் இயங்கும்போதெல்லாம் எரிய வேண்டும் என்னும் விதி வந்தது. அதன் நோக்கம் ஓட்டுநர் காண்பதன்று, பிறர் கண்ணில் அவர் படுவது. கொலதோன் வில்லையை எடுத்ததும் நீரைப் பிறர் கண்ணில் படச் செய்வதற்கே.