சட்டைப் பைக்குள் அடங்கிய கைத்துப்பாக்கியும் ஒரு தொழிற்சாலை நகரமும்

முதலாம் உலகப் போர் பற்றிக் கேட்டால் எமது பிள்ளைகள் உடனே சொல்லும் விடை: "1914 ஜூன் 28, சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசர் பேர்டினண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார்." விடை சரி. ஆனால் அந்தக் கைத்துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

அதை வடிவமைத்தவர் ஜோன் மோசஸ் பிரௌனிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1855இல் பிறந்தவர். தந்தையும் துப்பாக்கி செய்பவர்.

அக்காலத்தில் கையில் வைத்திருக்கும் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ரிவோல்வர்தான். ரவைகள் இருக்கும் உருளை தடிப்பானது, சட்டைப் பைக்குள் வைத்தால் புடைத்து நிற்கும். பிரௌனிங் ரவைகளைக் கைபிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். சுடும்போது எழும் விசை மேலுறையைப் பின்னே தள்ளும், வெற்றுக்கோது வெளியே விழும். ஸ்பிரிங் மேலுறையை முன்னே கொண்டுவரும்போது அடுத்த ரவை குழலுக்குள் ஏறும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வெடி. இதுவே அரைத் தானியங்கி முறை.

பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகே ஹெர்ஸ்தால் என்ற ஊர். அங்கே 1889இல் எஃப்.என். என்ற தொழிற்சாலை தொடங்கியது. பெல்ஜிய இராணுவத்துக்கு 150,000 மௌசர் துப்பாக்கிகள் செய்வதே அதன் முதல் வேலை. அந்த வேலைக்குப் பின் புதிய பொருள் தேவைப்பட்டது. 1897இல் பிரௌனிங்குடன் உடன்படிக்கை செய்தது. அப்படிப் பிறந்ததுதான் 1900ஆம் ஆண்டு மாதிரி. அது எவ்வளவு விற்றது என்றால், பிரெஞ்சு மொழியில் "பிரௌனிங்" என்பதே இவ்வகைக் கைத்துப்பாக்கிக்குப் பொதுப் பெயராகிவிட்டது.

பழைய மாதிரியில் ஸ்பிரிங் குழலுக்கு மேலே இருந்தது. 1910 மாதிரியில் பிரௌனிங் அதைக் குழலைச் சுற்றியே போட்டார். துப்பாக்கி இன்னும் மெலிந்தது. நீளம் சுமார் 15 சென்ரிமீற்றர், எடை 600 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எதிலும் சிக்காத வழுவழுப்பான உடல். தவறுதலாக வெடிக்காதிருக்க மூன்று பாதுகாப்புகள். வைத்திருப்பவரின் பாதுகாப்பு இவ்வளவு கவனமாக யோசிக்கப்பட்டது. எதிரே நிற்பவருக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

சரயேவோவில் 19 வயது கவ்ரிலோ பிரின்சிப்பின் கையில் இருந்தது இந்த 1910 மாதிரிதான், இலக்கம் 19074. இரண்டே வெடிகள். இளவரசரும் மனைவி சோஃபியும் இறந்தனர். 20 வயது நிரம்பாததால் பிரின்சிப்புக்கு மரண தண்டனை விதிக்கப்படவில்லை. 1918இல் சிறையில் காசநோயால் இறந்தார்.

அடுத்து நடந்ததை நாம் மறக்கக் கூடாது. 37 நாட்களின் பின், ஓகஸ்ட் 4இல், ஜேர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அது முதலில் தாக்கிய பெரிய அரண் லியேஜ். ஓகஸ்ட் 16இல் கடைசிக் கோட்டையும் வீழ்ந்தது. ஹெர்ஸ்தால் மக்கள் நான்கு ஆண்டுகள் அந்நியப் படையின் கீழ் வாழ்ந்தார்கள். அந்தக் கைத்துப்பாக்கியைச் செய்த ஊர்தான் அது!

போருக்குக் காரணம் ஒரு துப்பாக்கி அல்ல. வல்லரசுகளின் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, பேரரசு ஆசை ஆகியவை ஏற்கெனவே இருந்தன. ஆனால் விற்ற ஆயுதம் யார் கைக்குப் போகும், அதன் விளைவு எங்கே திரும்பி வரும் என்பதைச் செய்தவராலும் விற்றவராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. முப்பது வருட யுத்தத்தைக் கண்ட எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. யுத்தத்தைக் காணாத எமது பிள்ளைகளுக்குத்தான் விளக்க வேண்டும். திகதியோடு சேர்த்து இதையும் சொல்லிக் கொடுப்போம்.