விசிலை எண்ணியவர்கள்

ஆறு மாதத்துக்கு முன்பு எங்கள் அகத்துக்கு ஒரு புதுக் குக்கர் வந்து சேர்ந்தது. புனேயில் இருக்கும் பெண் வாங்கி அனுப்பியது. மின்சாரத்தில் ஓடுகிறது, சாதம், பருப்பு, தயிர் என்று தனித்தனிப் பொத்தான்கள், வேலை முடிந்ததும் கைபேசிக்குச் செய்தி வருகிறது. 'ஸ்மார்ட்' என்கிறார்கள். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு, ஒரு வஸ்து கையில் வந்தால் அதன் பூர்வ சரித்திரத்தைத் தேடாமல் இருக்க முடிவதில்லை. தேடியதில் அகப்பட்டதை அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் தாயார் வெண்கலப் பானையில்தான் சாதம் வைப்பாள். இரண்டு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பதம் பார்ப்பாள். உடனே கஞ்சியை வடித்துவிடுவாள். உப்பும் மோரும் விட்ட கஞ்சி எங்களுக்கு. மிச்சம் அப்பாவின் வேஷ்டிக்கு. குக்கர் வந்தபின் கஞ்சியும் போயிற்று, வேஷ்டியின் மொடமொடப்பும் போயிற்று.

பிரஷர் குக்கருக்கு வயது அதிகம். பிரான்ஸ் தேசத்து டெனி பாப்பின் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அதன் மூல வடிவத்தைக் காட்டினார். 1682இல் சொசைட்டி அங்கத்தினர்களுக்கு அதிலேயே சமைத்து விருந்தும் வைத்தார். எலும்புகூட மிருதுவாக வெந்ததாம்! நமக்கு வேண்டாத சமாச்சாரம். ஆனால் துவரம்பருப்புக்கும் தத்துவம் அதேதான்: ஆவியை அடைத்தால் அழுத்தம் ஏறும், தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 120க்கு அருகில்தான் கொதிக்கும், பண்டம் சீக்கிரம் வேகும். நம் தேசத்தில் ஹாக்கின்ஸ் நிறுவனம் தொடங்கியது 1959இல்.

1979இல் தில்லி கரோல்பாகில் குடித்தனம் வைத்தபோது நாங்களும் ஒன்று வாங்கினோம். சாதத்துக்கு மூன்று விசில். குளிக்கிற குழந்தையைக் கவனிக்கப் போன என் மனைவி, "எத்தனை விசில் வந்தது?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் எனக்குச் சத்தம் காதில் விழுந்திருக்கும், எண்ணியிருக்க மாட்டேன்.

மாவரைக்கும் கிரைண்டரை 1955இல் கோயம்புத்தூர் சபாபதி செய்தார். 1963இல் பம்பாயில் இன்ஜினீயர் எஸ்.பி. மாத்தூர், மனைவியின் ஜெர்மன் மிக்ஸி நம் ஊர் அரைப்புக்குத் தாங்காமல் போனதால் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். இவை நம்மகத்து ஸ்திரீகளின் தோள்வலியைத்தான் குறைத்தன. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை அப்படியே இருந்தது.

அதை முதலில் ஒழித்தது ஜப்பான். அங்கும் விடியுமுன் எழுந்து விறகடுப்பில் சாதத்தைக் காவல் காப்பது ஸ்திரீகள்தான். தோஷிபா கம்பெனிக்குச் சாமான் செய்து கொடுத்த மினாமி யோஷிடாடா என்ற சிறு முதலாளி தானாக அணையும் பானை செய்ய முனைந்தார். ஆனால் தினமும் அரிசி வேகவைத்து, வெப்பத்தை அளந்து குறித்தது அவர் மனைவி ஃபுமிகோ. கொதி வந்தபின் இருபது நிமிஷம் வெந்தால் சாதம் சரியாக இருக்கும் என்று கண்டார்கள். பானையைச் சுற்றி வெளிப்பானை. அதில் இருபது நிமிஷத்துக்கு மட்டும் போதுமான தண்ணீர். அது வற்றியதும் சூடு 100 டிகிரியைத் தாண்டும்; இரண்டு உலோகத் தகடுகள் ஒட்டிய ஸ்விட்ச் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். 1955 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. என் கணக்கில் அதுதான் முதல் 'ஸ்மார்ட்' பாத்திரம். எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

பின்னால் வந்த சாதாரண ரைஸ் குக்கரில் காந்தம். குறிப்பிட்ட சூட்டில் காந்தத்தால் ஈர்க்கப்படும் குணத்தை ஒரு பொருள் இழந்துவிடும் என்பதைக் க்யூரி வெப்பநிலை என்று காலேஜில் படித்தேன், பரீட்சையில் எழுதினேன், மறந்தேன். தண்ணீர் உறிஞ்சப்பட்டுப் பானை 100ஐத் தாண்டியதும் 'டக்' என்று விசை மேலே வருகிறதே, அது இந்தக் க்யூரிதான். ஐம்பது வருஷம் கழித்து அடுக்களையில் சந்தித்தோம்! 1980களின் இறுதியில் ஜப்பானியர் மைக்ரோசிப்புடன் 'ஃபஸி லாஜிக்' சேர்த்தார்கள். 2010இல் கனடாவில் ராபர்ட் வாங் குழுவினர் கொண்டுவந்த இன்ஸ்டன்ட் பாட், குக்கரையும் சிப்பையும் ஒரே பாத்திரத்தில் இணைத்தது. எங்கள் புதுக் குக்கரும் அந்த ஜாதிதான். தில்லி ஜனவரிக் குளிரில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிக்கொண்டிருந்தோம். இப்போது தயிர்ப் பொத்தானை அழுத்தினால் காலையில் பொங்கியிருக்கிறது.

பெண் இதை அனுப்பிய காரணத்தைச் சொல்லவில்லையே. என் மனைவிக்கு இரண்டு வருஷமாகக் கண் பார்வை மங்கிவிட்டது. அடுப்பருகில் விட முடியாது. எழுபது தாண்டி நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். இந்தப் பானை இல்லாவிட்டால் முடிந்திராது.

ஆனால் முதல் வாரமே புது மூட்டை பிரித்தபோது சாதம் குழைந்துவிட்டது. பொத்தான் அதே, அளவு அதே. நான் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் மூட்டையில் கையை விட்டு நாலு அரிசியை எடுத்துத் தேய்த்தாள், பல்லில் கடித்தாள். "புது அரிசின்னா. பழசு மாதிரி ஜலம் இழுக்காது. அரை டம்ளர் குறைச்சு வையுங்கோ" என்றாள். மறுநாள் அப்படியே வைத்தேன். பானை முடிந்ததென்று எனக்குச் செய்தி அனுப்புவதற்குள், வாசனை பிடித்து அவளே ஹாலிலிருந்து, "ஆயிடுத்து, பத்து நிமிஷம் திறக்காதீங்கோ" என்றாள்.