படத்தொகுப்புக் கல்வியும் நம் சமுதாயமும்

தோவாளையில் பூத்தொடுக்கும் கைகளை அறியாதார் நம்முள் இலர். கூடையில் குவிந்து கிடப்பவை வெறும் பூக்களே. எதை எடுப்பது, எதைக் கழிப்பது, எதன்பின் எதை வைப்பது என்று தொடுப்பவர் முடிவு செய்த பின்னரே அவை மாலையாகின்றன. திரைப்படத்தில் இவ்வேலையைச் செய்வதே படத்தொகுப்பு. ஏற்கவும் கழிக்கவும் வல்ல அந்தக் கை யாருடையது என்னும் வினா நம் சமுதாய வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அதைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றோம்.

நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது 1956ஆம் ஆண்டில். அதற்கு முன் நமக்குத் திருவனந்தபுரமே தலைநகர். அந்நாளில் அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல், 1920களின் பிற்பகுதியில் திருவனந்தபுரத்தில் 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படத்தை எடுக்கத் தொடங்கினார். மலையாளத்தின் முதற்படம் அதுவே. அந்நாளில் அவர் படக்கலையைச் சேர்ந்து பயிலத்தக்க பள்ளி இல்லை. சென்னைப் பட நிலையங்களில் அவருக்கு அனுமதி கிட்டவில்லை என்றும், பம்பாயில் தம்மை ஓர் ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டே உள்ளே சென்று தொழிலைக் கற்றார் என்றும் கூறுவர். அப்படத்தை எழுதி, இயக்கி, நடித்து, தொகுத்தவரும் அவரே.

அதன் கதாநாயகி பி. கே. ரோசி. புலையர் குலத்தில் பிறந்து, கூலிவேலை செய்து, நாட்டுப்புற நாடகங்களில் நடித்து வந்தவர். அவர் நாயர் குலப் பெண்ணாகத் திரையில் தோன்றியதை மேல்சாதியினர் பொறுக்கவில்லை. திரையின்மீது கல்லெறிந்தனர், ரோசியை ஊரை விட்டே துரத்தினர். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936ஆம் ஆண்டில். இக்கொடுமை அதற்கும் முந்தியது. லாரி ஒன்றில் ஏறித் தப்பி நாகர்கோவிலுக்கு வந்த ரோசி, ராஜம்மாள் என்ற பெயரோடு அங்கேயே வாழ்ந்து 1988இல் மறைந்தார். அப்படத்தின் பிரதி எதுவும் இன்று இல்லை. படத்தைத் தொகுத்த டேனியல் ரோசியைக் கழித்துவிடவில்லை, ஊர்தான் கழித்தது. பின்னர் வரலாறு எழுதியோரும் நெடுங்காலம் அவரை மறந்தே இருந்தனர்.

இனி அத்தொழிலைச் சற்று நோக்குவோம். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். நொடிக்கு 24 படங்கள் ஓடும்போது ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடிச் சுருள் வேண்டும். அதனை வெட்டி ஒட்டித்தான் முன்னாளில் தொகுத்தனர். ஒலி தனியே நாடாவில் பதிவாகும். காட்சியின் தொடக்கத்தில் தட்டப்படும் பலகையின் ஓசையைப் பலகை மூடும் படத்தோடு பொருத்தி இரண்டையும் இணைப்பர். இன்று கத்தரியின் இடத்தைக் கணிப்பொறி பெற்றுவிட்டது. ஆயினும் எந்த முகத்தை எத்தனை நொடி காட்டுவது, எவர் குரலை எங்கே நிறுத்துவது என்னும் தீர்ப்பு மனிதருடையதே. இத்திறமை எவருக்கும் பிறப்பால் வருவதன்று. உட்கார்ந்து பயின்றால் எவருக்கும் வரும்.

பயில்வதற்கு இன்று பள்ளிகள் உண்டு. புனேயில் 1960இல் மத்திய அரசு திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னைத் தரமணியில் உள்ள தமிழக அரசின் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்பும் ஒலிப்பதிவும் நான்காண்டுப் பட்டப் படிப்புகளாக உள்ளன. தமிழக அரசுக் கல்வி நிலையங்களில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு இடங்கள் சட்டப்படி உண்டு.

ஆனால் சட்டத்தில் இடம் இருப்பது மட்டும் போதாது. கோட்டயத்தில் கே. ஆர். நாராயணன் பெயரால் அமைந்த திரைப்படக் கல்லூரியில் 2022 டிசம்பரில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இடஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படவில்லை, படத்தொகுப்புப் பிரிவில் இடங்கள் காலியாக இருந்தும் தலித் மாணவர் ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்டது என்பன அவர்கள் கூறிய குறைகளுள் அடங்கும். 2023 ஜனவரியில் அதன் இயக்குநர் பதவி விலகினார். குடியரசுத் தலைவர் பதவியை அடைந்த முதல் தலித் பெருமகனின் பெயரைத் தாங்கிய நிலையத்திலேயே இப்போராட்டம் தேவைப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1850இல் ஓவியப் பள்ளியாகத் தோன்றிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்று வந்தவரே இயக்குநர் பா. ரஞ்சித். அவருடைய நீலம் பண்பாட்டு மையம் ரோசியின் பெயரால் திரைப்பட விழா நடத்தியுள்ளது. துரத்தப்பட்டவரின் பெயர் விழாவின் பெயராயிற்று. இதற்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

பெற்றோரே, பிள்ளை படத்தொகுப்போ ஒலிப்பதிவோ படிக்க விரும்பினால், அது வீண் வேலை என்று தடுக்க வேண்டா. இளைஞரே, கையிலுள்ள தொலைபேசியிலேயே பழகத் தொடங்குங்கள். நம் பாட்டிமாரின் பாடல்களையும் அவர்கள் பட்ட பாட்டையும் அவர்கள் குரலிலேயே பதிந்து தொகுத்து வையுங்கள். ராஜம்மாள் நாகர்கோவிலில் வாழ்ந்த காலத்தில் அவர் குரலை நாம் பதிந்து வைத்தோமில்லை. அவ்விழப்பு நம் தெருக்களில் மீண்டும் நேரலாகாது.