உருவமைதி உளவியலின் தோற்றமும் தலைமைக் கருத்துகளும்

தொடரின் பொருள் சொற்பொருள்களின் கூட்டமா, அன்றி அக்கூட்டத்தின் வேறாயதா என்பது நம் இலக்கண நூலார் நெடுங்காலம் ஆராய்ந்து வந்த வினா. கண்ணாற் காணும் காட்சியைப் பற்றி இதனோடொத்த வினாவை எழுப்பி, அதற்குச் செய்முறைச் சோதனை வழியாக விடை தேடியது செருமானிய நாட்டில் எழுந்த கெஸ்டால்ட் உளவியல். அதன் வரலாற்றையும் தலைமைக் கருத்துகளையும், அதனைத் தமிழிற் பெயர்க்குங்கால் நேரும் ஒரு பிறழ்ச்சியையும் ஈண்டு ஆராய்வோம்.

1879-இல் லைப்சிக் நகரில் உளவியற் சோதனைக்கூடம் நிறுவிய வில்ஹெல்ம் வுண்ட்டின் காலத்தே, மன நிகழ்ச்சியைப் புலனுணர்வு முதலிய கூறுகளாகப் பகுத்தறிவதே அறிவியல் நெறி எனக் கருதப்பட்டது. இந்நெறியின் குறையை 1890-இல் கிறிஸ்டியன் ஃபான் ஏரன்ஃபெல்ஸ் எடுத்துக்காட்டினார். ஒரு பாட்டின் மெட்டை வேறு சுருதியிற் பாடினால் ஒலிகள் யாவும் மாறிவிடும். எனினும் கேட்போர் அதே மெட்டு என்பர். எனவே மெட்டு என்பது தனித்தனி ஒலிகளின்கண் உள்ளதன்று என்பது பெறப்படும். இவ்வியல்பை ‘உருப்பண்பு’ என்றார் அவர். ஆயினும் ஒலிகள் முன்னே நிற்க, அவற்றின்மேற் புதிதாக வந்து சேரும் மற்றொரு கூறாகவே அதனைக் கொண்டார்.

பிராகாவில் அவரிடம் பாடங்கேட்ட மாக்ஸ் வெர்தைமர் இதற்கு அப்பாற் சென்றார். பிராங்க்பர்ட் நகரில் 1910 முதல் அவர் நிகழ்த்திய சோதனை எளியது. இரு கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையுமாறு செய்தார். இடைவேளை நெடிதாயின் அவை அடுத்தடுத்துத் தோன்றின; மிகக் குறுகின் ஒருங்கே தோன்றின; ஏறத்தாழ 60 மில்லி நொடி அளவினதாயின், ஒரே கோடு இடம்பெயர்வதாகத் தோன்றியது. உண்மையில் அங்கு எதுவும் அசையவில்லை. காணப்பட்ட அசைவை முதற் கோட்டின் உணர்வும் இரண்டாங் கோட்டின் உணர்வும் எனப் பிரித்துக் காட்டல் இயலாது. குர்ட் கோஃப்காவும் வுல்ஃப்காங் கோலரும் இச்சோதனையிற் காண்போராய் அமர்ந்தனர். 1912-இல் இதன் முடிபுகள் வெளிவந்தன. இப்பள்ளியின் பிறப்பை அவ்வாண்டில் வைத்துரைப்பது மரபு.

1923-இல் வெர்தைமர், காட்சி எவ்வாறு உருப்பெறுகிறது என்பதற்கான நெறிகளை வகுத்தார். இவற்றை விளக்கச் சேலம் மாவட்டத்து நெசவூராகிய ஜலகண்டாபுரத்தின் தறியையே நாம் சான்றாகக் கொள்ளலாம். பாவில் செந்நூலும் வெண்ணூலும் நந்நான்காக மாறிவரின், கண் நூல்களை எண்ணுவதில்லை, பட்டைகளையே காண்கிறது. இஃது ஒப்புமை நெறி. ஒரே நிற நூல்கள் இடைவெளி விட்டுக் குழுமி நிற்பின் குழுக்களாகத் தோன்றும். இஃது அண்மை நெறி. சேலையிற் புட்டாவின் வளைகோடு, அணுகி நோக்கின், பாவும் ஊடையும் குறுக்கிடும் சிறுசிறு படிகளே. கண்ணோ இடையறாத வளைவைக் காண்கிறது. இது தொடர்ச்சி நெறி. புட்டா முன்னே எழுந்து நிற்க, உடல்நிறம் பின்னே விரிந்து கிடத்தல், 1915-இல் டேனிய அறிஞர் எட்கார் ரூபின் விளக்கிய ‘உருவும் களமும்’ என்னும் பாகுபாட்டிற்குப் பொருந்தும். நிறங்கள் அனைத்தையும் மாற்றி நெய்தாலும் அதே புட்டா என்று நெசவாளர் அறிவர்; ஏரன்ஃபெல்ஸ் கூறிய மெட்டும் அத்தகையதே.

இக்கருத்தைக் கோலர் அறிவுச் செயலுக்கும் விரித்தார். 1913 முதல் 1920 வரை தெனெரீஃப் தீவில் மனிதக்குரங்குகளை ஆராய்ந்த அவர், சுல்தான் என்னும் குரங்கு இரு கழிகளை ஒன்றனுள் ஒன்றாகச் செருகி நீட்டி, எட்டாத பழத்தை இழுத்துக்கொண்டதைப் பதிவு செய்தார். கழி, பழம், தொலைவு என்பன ஒரே அமைதியுட் பொருந்தித் தோன்றியபோது தீர்வு கிட்டியது என்பது அவர் விளக்கம். ‘உட்காட்சி’ என நம் கல்வியியல் நூல்கள் குறிப்பது இதனையே.

இனிப் பிறழ்ச்சியை நோக்குவோம். ‘பகுதிகளின் கூட்டத்தினும் முழுமை பெரிது’ என்பதே இக்கொள்கையின் சாரம் எனப் பலரும் எழுதுகின்றனர். 1935-இல் வெளிவந்த தம் பெருநூலிற் கோஃப்கா இவ்வாறு கூறவில்லை. முழுமை கூட்டத்தின் வேறானது. ஈண்டுக் கூட்டல் என்னும் செயலே பொருளற்றது என்பதே அவர் துணிபு. ‘பெரிது’ எனின், கூட்டிய பின்னர் எஞ்சும் ஒன்று உண்டு என்றாகும். அது ஏரன்ஃபெல்ஸின் பழைய நிலையேயாம். வெர்தைமர் பள்ளியார் கூறுவதோ, பகுதி தன் இயல்பையே முழுமையிடத்துப் பெறுகிறது என்பது.

இவ்வேறுபாட்டை விளக்க நம் இலக்கணத்தில் தக்க சான்று உண்டு. தொல்காப்பிய எச்சவியல் அறுவகைத் தொகையுள் அன்மொழித்தொகையையும் வைத்து, தொகைகள் எல்லாம் ஒரு சொல் போல் நடக்கும் என விதிக்கிறது. ‘பொற்றொடி வந்தாள்’ என்புழிப் பொன்னும் தொடியும் கூடினும் பெண் என்னும் பொருள் வாராது. இதனைக் கண்டு, கூட்டத்தின்மேல் ஒன்று மிகுந்தது எனக் கருதலாகாது. ‘பொற்றொடி உடைந்தது’ எனின் அதே தொகை வளையலையே குறித்து வேற்றுமைத்தொகையாய் நிற்கும். பகுதிகள் மாறவில்லை, அவை நின்ற தொடரே அவற்றின் தொழிலை உறுதி செய்தது. முழுமையே பகுதியை ஆள்கிறது என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் காண்டல் அரிது.

ஆயினும் கெஸ்டால்ட் கொள்கையைத் தமிழர் முன்னரே கண்டனர் என முடிபு கூறுதல் ஆராய்ச்சி நெறியன்று. இலக்கண நூலார் ஆராய்ந்தது மொழி வழக்கு. வெர்தைமர் ஆராய்ந்தது காட்சி நிகழ்ச்சி. முன்னையதற்குச் சான்றோர் வழக்கு அளவை. பின்னையதற்குச் சோதனை அளவை. ஒப்புமை விளக்கத்திற்கு உதவும், முன்மைக்குச் சான்றாகாது.

இப்பள்ளியின் அழிவும் அறியத்தக்கது. 1922 முதல் பெர்லின் உளவியற் கழகத்தின் தலைவராயிருந்த கோலர், நாத்சி அரசு யூதப் பேராசிரியர்களைப் பதவிநீக்கியபோது, அதனைக் கண்டித்து 1933 ஏப்ரல் 28-இல் செய்தித்தாளில் வெளிப்படையாக எழுதினார். யூதராகிய வெர்தைமர் அவ்வாண்டே நியூயார்க் சேர்ந்தார். கழகத்தினுள் அரசின் தலையீடு பெருகவே, 1935-இற் கோலரும் அமெரிக்கா சென்றார். கோஃப்கா 1927 முதலே ஆண்டுப் பணியாற்றி வந்தார். 1941-இல் கோஃப்காவும் 1943-இல் வெர்தைமரும் மறைந்தனர்; முதுநிலை மாணாக்கரைப் பயிற்றும் பெரும் ஆய்வுக்கூடம் புலம்பெயர்ந்த இடத்தில் அவர்கட்கு வாய்க்கவில்லை.

வெர்தைமர் மறைந்த அதே 1943-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றியது. அதனைத் தொடங்கி வளர்த்தவர் ஜி. டி. போவாஸ். பொதுமக்கட்கு உளவியலைத் தமிழில் உணர்த்தியோருள் கொங்கு நாட்டவராகிய பெ. தூரன் குறிப்பிடத்தக்கவர், ‘குழந்தை உள்ளம்’, ‘மனமும் அதன் விளக்கமும்’ என்பன அவர்தம் நூல்கள். துறைக்கருத்துகளுக்குத் தமிழ்ச் சொல் காணும் பணி இத்தகையோரால் வலுப்பெற்றது.

அப்பணியைத் தொடர்வோர் ஒன்று கருதுதல் வேண்டும். கெஸ்டால்ட் என்னும் செருமானியச் சொல் உரு, வடிவம் என்னும் பொருளது. அதனை ‘முழுமை’ என்று மட்டும் பெயர்ப்பின், அளவு பற்றிய எண்ணம் புகுந்து, மேற்கூறிய பிறழ்ச்சிக்கு வழிவகுக்கும். ‘உருவமைதி’ எனின், உறுப்புகள் தம்முள் இயைந்து நிற்கும் நிலை புலனாகும். அமைதி என்னும் சொல் இலக்கணம் பயில்வோர்க்குப் பழகியதுமாம்.

காட்சியின் உருவமைதிக்கு ஒத்த மின்புல அமைதி மூளையினும் உண்டு என்ற கோலரின் கருத்து, 1950-களில் லாஷ்லி, ஸ்பெரி முதலியோர் செய்த சோதனைகளால் வலுவிழந்தது. காட்சி உருப்பெறும் நெறிகளோ இன்றும் ஆராயப்படுகின்றன. கொள்கையின் ஒரு பகுதி வீழ்ந்தும், அது கண்ட உண்மை நிலைத்துள்ளது. செய்யுளைச் சொற்சொல்லாகப் பிரித்துப் பொருள் கூறி, அவற்றைக் கூட்டிவிட்டால் உரை நிறைந்தது எனக் கருதும் மாணாக்கர்க்கு, அவ்வுண்மை உரைகாணும் நெறியிலும் பயன்படும்.