நாற்றும் நாற்றங்காலும்: கான்பூர் ஆவ்ரோவின் கதை

திருப்பனந்தாளில் வாழும் நமக்குக் கங்கைக்கரை அயலிடம் அன்று. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசியில் நிறுவிய மடத்தின் மரபு, இன்று நம்மூர்க் காசித் திருமடமாக விளங்குகிறது. அதே கங்கைக்கரையில் உள்ள கான்பூரில் நிகழ்ந்த வேறொரு முயற்சியை இங்குக் காண்போம்.

2020 முதல் தஞ்சை விமானதளத்திலிருந்து எழும் சுகோய் விமானங்களின் முழக்கத்தை இப்பகுதியினர் அறிவர். போர் விமானத்தை அண்ணாந்து பார்க்கும் நாம், படைவீரனுக்கு அரிசியும் மருந்தும் சுமந்து செல்லும் விமானத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் படையைக் கொண்டுபோய் இறக்கியவை டக்கோட்டா விமானங்கள். அவை இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கத் தயாரிப்புகள். அவற்றுக்கு மாற்று எது என்ற வினா 1950களில் எழுந்தது.

விடையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது பிரிட்டனின் ஆவ்ரோ 748. அதனை இங்கேயே கட்டுவதற்கான உரிமத்தை 1959இல் இந்தியா பெற்றது. அப்போது கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சர். வியப்பு என்னவெனில், அவ்விமானம் அன்று வானைக் கண்டிருக்கவே இல்லை. அதன் முதல் மாதிரி பறந்தது 1960 ஜூனில்தான். ஏட்டில் இருந்த விமானத்தை நம்பி நாடு இறங்கியது.

கான்பூரில் பொறுப்பேற்று நடத்தியவர் ஹர்ஜிந்தர் சிங். விமானப்படையின் தொடக்கக் காலத்தில் 'ஹவாய் சிப்பாய்' என்னும் கீழ்நிலைப் பணியாளராகச் சேர்ந்து, ஏர் வைஸ் மார்ஷல் ஆக உயர்ந்தவர். 1960இல் தொடங்கிய பணிமனையிலிருந்து 1961 நவம்பர் 1 அன்று முதல் விமானம் எழுந்தது. முந்திய ஆண்டு மறைந்த படைத்தலைவர் சுப்ரதோ முகர்ஜியின் நினைவாக அதற்குச் 'சுப்ரதோ' எனப் பெயரிட்டனர்.

குறை இல்லாமல் இல்லை. படைப் போக்குவரத்துக்கு வால்புறம் திறந்து, வண்டி நேரே உள்ளே ஏறும் அமைப்பு வேண்டும். பயணிகளுக்காக வடிவமைத்த ஆவ்ரோவில் அது இல்லை. பின்னாளில் பக்கவாட்டில் பெரிய சரக்குக் கதவு வைத்துச் சமாளித்தனர். 1962 போரில் எல்லைக்குச் சுமை கொண்டுசேர்த்தவை டக்கோட்டா, பாக்கெட், சோவியத் ஆன்டனோவ்-12 ஆகியவையே. ஆயினும் கான்பூர் 89 விமானங்களைக் கட்டியது. பல பத்தாண்டுகள் அவை உழைத்தன.

இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. 1984இல் ஆவ்ரோ உற்பத்தி முடிந்தது. அதே ஆண்டில் படையில் சேர்ந்த ஆன்டனோவ்-32, முழு விமானமாகவே சோவியத்திலிருந்து வந்தது. இருபதாண்டு பயின்ற கைகளுக்கு அடுத்த பெரிய விமானம் கிடைக்கவில்லை. ஆவ்ரோவின் முதுகில் சுழலும் ரேடார் கூண்டு பொருத்திய உள்நாட்டு முயற்சியும், 1999 சனவரியில் அரக்கோணம் அருகே நேர்ந்த விபத்தில் அறிவியலாளரும் படையினருமாக எண்மரை இழந்து நின்றுபோயிற்று. பின்னர் அதே நோக்கில் உருவாகி 2017இல் படையில் சேர்ந்த 'நேத்ரா', பிரேசில் நாட்டு விமானத்தின்மேல் அமைந்தது.

டெல்டாக்காரர்களான நமக்கு இது எளிதில் விளங்கும். அயலான் நாற்றங்காலில் நாற்றுப் பறித்து நட்டாலும் விளைச்சல் வரும், பழியில்லை. ஆனால் அடுத்த பட்டத்துக்குள் விதைநெல் சேர்த்து வைக்காதவன், மறுபடி அதே வரப்பில் கைநீட்டி நிற்க வேண்டும்.

அப்படித்தான் நின்றோம். ஆவ்ரோவுக்கு மாற்றுத் தேடும் பணியில் 2013இல் விலைப்புள்ளி கோரப்பட்டது. ஏர்பஸ்–டாடா கூட்டணி ஒன்றே முன்வந்தது. எட்டாண்டு கழித்து, 2021 செப்டம்பரில் 56 சி-295 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 16 விமானங்கள் ஸ்பெயினிலிருந்து பறந்து வர, 40 வதோதராவில் கட்டப்பட வேண்டும். அந்தத் தொழிற்கூடம் 2024 அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்டது. இம்முறை வால்புறக் கதவு உண்டு. தனியார் துறைக்கும் இடம் உண்டு. வடிவமைப்பு மட்டும் இன்னும் அயலாருடையது.

வதோதராவின் நாற்பதாவது விமானம் வெளிவரும் நாளில் நாம் கேட்க வேண்டியது எண்ணிக்கையை அன்று. நாற்பத்தொன்றாவதை வரையத் தெரிந்தவர் எத்தனை பேர் இங்கே உருவாகியிருக்கின்றனர் என்பதையே. கான்பூரில் ஹர்ஜிந்தர் சிங் ஓராண்டுக்கு மேல் சிறிது காலத்தில் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர நமக்கு ஏன் அறுபதாண்டு ஆயிற்று என்பதை வரலாறு படிப்போர் மறக்கலாகாது.