நொந்த மனத்திற்குக் கவிதை துணையாகுமா?

உடல் நோயுற்றால் மனிதன் மருத்துவரை நாடுகிறான். உள்ளம் நோயுற்றால் எதை நாடுவது? கவிதை அத்துயரைத் தணிக்குமா, அன்றி வளர்த்துவிடுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேயர் இருவரின் வரலாறு இவ்வினாவிற்கு ஒளி தருகின்றது. ஒருவர் கவிதையைப் படித்தவர். மற்றவர் கவிதையைப் படைத்தவர்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1806-ஆம் ஆண்டு பிறந்தார். அவர் தந்தையார், மகனுக்கு மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் இலத்தீனும் கற்பிக்கத் தொடங்கினார். அறிவு ஓங்கி வளர்ந்தது. உணர்ச்சிக்கோ அக்கல்வியில் இடமில்லை. 1826-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், இருபது வயது இளைஞரான மில், தாம் விரும்பிய சமுதாயச் சீர்திருத்தங்கள் யாவும் அந்நொடியே நிறைவேறினால் தமக்கு மகிழ்ச்சி பிறக்குமா என்று தம்மையே வினவிக்கொண்டார். ‘பிறக்காது’ என்றே உள்ளம் விடையிறுத்தது. வாழ்வின் அடித்தளமே சரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றிய அவர், எவரிடமும் கூறாது அத்துயரைச் சுமந்தார்.

ஆறுதல் தேடிப் பைரனின் கவிதைகளைப் படித்தார். அவையும் அவருடைய சோர்வையே எதிரொலித்தமையால் பயன் விளையவில்லை. 1828-ஆம் ஆண்டில் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளை எடுத்தார். மலையையும் வயலையும் மட்டுமன்றி, அவற்றைக் காணும் உள்ளத்தில் எழும் உணர்வையும் அக்கவிஞர் பாடியிருந்தார். எளிய மக்கள் அனைவரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய இன்பம் ஒன்று உண்டு என்பதை மில் அங்கே கண்டார். அக்கவிதைகள் தம் மனநிலைக்கு மருந்தாக அமைந்தன என்று, தாம் மறைந்த 1873-ஆம் ஆண்டில் வெளிவந்த தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

ஆயினும், எல்லார்க்கும் இவ்வாறு வாய்ப்பதில்லை. ஜான் கிளேர் 1793-ஆம் ஆண்டு ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில் உழைப்பாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1820-இல் வெளிவந்த முதல் நூல் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. பின்வந்த நூல்கள் விலைபோகவில்லை. வறுமையும் ஏமாற்றமும் சூழ, மனம் நலிந்தது. 1837-இல் எப்பிங் காட்டருகே இருந்த மனநோயாளர் விடுதியில் சேர்க்கப்பட்டார். 1841-இல் அங்கிருந்து வெளியேறி, ஏறத்தாழ 80 மைல் தொலைவை நான்கு நாள் நடந்தே கடந்தார். வழியில் பசி தாங்காது புல்லைத் தின்றார். அவ்வாண்டு இறுதியில் நார்தாம்ப்டன் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சேர்க்கைக்கான சான்றில், பல்லாண்டுக் கவிதைப் பித்தே நோய்க்கு முன்னோடி என்னும் கருத்துப்படக் குறிக்கப்பட்டது!

பித்தெனப் பழிக்கப்பட்ட அக்கவிதையே இறுதிவரை அவரோடு நின்றது. 22 ஆண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்த கிளேர், தம்மையே பைரன் என எண்ணி மயங்கிய காலமும் உண்டு. அந்நிலையிலும், ‘நான் இருக்கிறேன்’ எனப் பொருள்படும் தலைப்பில், நண்பர் கைவிட்ட தம் தனிமையைத் தெளிவுறப் பாடினார். வில்லியம் நைட் என்னும் மருத்துவமனை அலுவலர் அவர் பாக்களைக் கேட்டு வாங்கி, பொறுமையோடு படியெடுத்தார். அவர் கையெழுத்தாலேயே நூற்றுக்கணக்கான பாடல்கள் இன்றும் வாழ்கின்றன. கிளேரின் நோயோ தீரவில்லை. 1864-இல் அம்மருத்துவமனையிலேயே உயிர் நீத்தார்.

இவ்விரு வரலாறுகளும் உணர்த்துவது யாது? கவிதை மருத்துவத்திற்கு மாற்றாகாது. மனநோய்க்குத் தக்க மருத்துவம் இன்றியமையாதது. ஒருவர்க்கு மருந்தான பாடல் மற்றொருவர்க்குச் சுமையாகவும் கூடும். பைரனைப் படித்த மில்லின் பட்டறிவு இதற்குச் சான்று. ஆயினும் துயருற்றவனை ஊமையாக விடாது, தன் நிலையைச் சொல்லும் சொல்லைக் கவிதை அவனுக்கு அளிக்கின்றது. அச்சொல்லைக் கேட்க ஒருவர் வேண்டும். மில்லுக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் ஏடு கிட்டியது. கிளேருக்கு நைட் கிட்டினார்.

வகுப்பறையில் மாணவன் ஒருவன் துயர் தோய்ந்த பாட்டொன்றை எழுதிக் கொணரும்போது, அதன் சீரையும் தளையையும் திருத்துவது ஆசிரியரின் கடமை. அதற்கு முன்னர், அப்பாட்டு என்ன சொல்கிறது என்று செவிசாய்ப்பது அதனினும் பெரிய கடமை. துயர் ஆழமெனத் தோன்றின், அவனைப் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பொறுப்பும் அவர்க்கு உண்டு. கவிதை கதவைத் திறக்கும்; உள்ளே செல்ல வேண்டியவர் மனிதரே.